காந்துகிறதா, குடைகிறதா? முழங்கால் தேய்மானமும் நரம்பு வலியும்

கேள்வி: 3 ஜூன் 2024, மாலை 6.15

என் அம்மாவுக்கு 63 வயது. ஊர் வீரவநல்லூர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் வந்திருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் நரம்பு வலிக்கான மாத்திரையும் இருக்கிறது. மருந்துக் கடைக்காரர், “இது சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குக் கொடுப்பது, மூட்டுக்கு எதற்கு?” என்று கேட்கிறார். எலும்பு தேய்ந்தால் எலும்புக்கு அல்லவா வைத்தியம் பார்க்க வேண்டும்? விற்பனைக்காக எழுதுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன் 2024, இரவு 9.40

தம்பி, அப்படி முடிவு கட்டுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். இதே சந்தேகத்தில், மருத்துவர் எழுதிய நரம்பு மாத்திரையை என் அம்மாவுக்குக் கொடுக்காமல் ஐந்து மாதம் பீரோவில் வைத்திருந்தவள் நான். அந்த ஐந்து மாதமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. முக்கூடலில் 14 வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவள், 66 வயதில்தான் இறக்கி வைத்தாள். நாள் முழுக்கச் சம்மணம். வலது முழங்கால் முதலில் போயிற்று, பிறகு இடது. மூன்று வருடங்களில் நான்கு இடங்களில் காட்டினோம். நான்கு சீட்டிலும் மூட்டுத் தேய்மானம் என்றுதான் எழுதியிருந்தது. வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, கால்சியம். நான்காவது சீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு நரம்பு மாத்திரை. ஏன் என்று சொல்வார் யாருமில்லை. அதைத்தான் பூட்டி வைத்தேன்.

ஆனால் அவள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படி ஏறினால் வருவது ஒன்று. ராத்திரி படுத்த பிறகு, ஒரு வேலையும் செய்யாதபோது வருவது இன்னொன்று. நாங்கள் இரண்டையும் ஒன்றாகவே காதில் வாங்கினோம்.

4 ஜூன் 2024, காலை 6.30

நேற்றுப் பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அம்மாவின் எக்ஸ்ரே படங்கள், பழைய சீட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. ஜனவரியில் பாளையங்கோட்டையில் ஓர் இளம் மருத்துவரிடம் போனபோது காட்டுவதற்கு எங்களிடம் ஒரு தாளும் இல்லை. அவருக்கு அம்மாவின் வாயைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. அதுதான் எங்களுக்கு வாய்த்த நல்ல நேரம்.

மற்றவர்கள், “பத்துக்கு எத்தனை வலி?” என்று கேட்பார்கள். அம்மா எட்டு என்பாள். நான் முகத்தைப் பார்த்தால் ஆறு என்று மாற்றிக்கொள்வாள். இவர், “ஆச்சி, எப்படி வலிக்கிறது?” என்று கேட்டார். அம்மா பத்து நிமிடம் நிறுத்தவில்லை. “படியில் கால் வைத்தால் உள்ளுக்குள் குடைகிறது. நின்றுகொண்டே இருந்தால் உளைகிறது. மழை நாளில் கடுக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், ஐயா. ராத்திரியானால் மேல்தோல் காந்துகிறது, மிளகாய் அரைத்த கைபோல. நடுநடுவே சுள்ளென்று ஒரு வெட்டு வெட்டுகிறது, மின்சாரக் கம்பியில் பட்டதுபோல. சேலை உரசினால் தாங்கவில்லை. மின்விசிறிக் காற்றுகூட வலிக்கிறது.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஆச்சி சொன்னதில் முதல் பாதி மூட்டு, இரண்டாம் பாதி நரம்பு” என்றார்.

குடைச்சல், உளைச்சல், கடுப்பு ஒரு பக்கம். காந்தல், எரிச்சல், சுள்ளென்ற வெட்டு, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, மதமதப்பு மறுபக்கம். நம் ஊர்ப் பெண்கள் இந்தச் சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சொல்லவே மாட்டார்கள். குடைகிற இடத்தில் காந்துகிறது என்று என் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சீட்டில் ஏறும்போது மட்டும் எல்லாம் “முழங்கால் வலி” ஆகிவிடுகிறது.

தம்பி, உங்கள் அம்மாவிடம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எப்படி என்று கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லை அப்படியே எழுதி வையுங்கள்.

7 ஜூன் 2024, இரவு 10.05

“எலும்போடு எலும்பு உரசுகிறது, அதனால் வலிக்கிறது, நரம்புக்கு என்ன வேலை?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

தேய்கிற பொருள் குருத்தெலும்பு. நல்ல நிலையில் இருக்கும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அதனால் தேய்வது மட்டும் வலிக்காது. வலி கிளம்புவது அதைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்து: குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு, மூட்டின் உட்சவ்வு, தசைநார், முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டு. அங்கெல்லாம் நரம்பு நிறைய உண்டு.

எக்ஸ்ரேயும் வலியும் ஒத்துப்போகாததற்குக் காரணமும் இதுவே. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த அளவுகோலை வைத்துத்தான் இன்றும் தேய்மானத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறார்கள். நான்காம் நிலையில் உள்ளவர் வயலுக்குப் போய் வருவார். இரண்டாம் நிலையில் உள்ளவர் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். எங்கள் தெருவிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள். அந்த இரண்டாம் நிலைக்காரரை “நடிக்கிறாள்” என்று அவர் மருமகள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆண்டுக்கணக்கில் ஒரு மூட்டு வீங்கியும் வலித்தும் கிடந்தால் அங்குள்ள நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுகின்றன. சிறு தொடுதலுக்கும் கூச்சலிடுகின்றன. அந்தக் கூச்சலைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடமும் மாறிப்போகிறது. வந்த செய்தியைப் பெருக்கி மூளைக்கு அனுப்புகிறது. தண்டுவடத்தில் இப்படி நடப்பதை 1983இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்ற ஆய்வாளர் சோதனையில் காட்டினார். சேலை உரசினால் வலிக்கிறது என்று அம்மா சொன்னதற்குப் பொருள் இதுதான். அவள் மிகைப்படுத்தவில்லை.

9 ஜூன் 2024, காலை 7.00

திருத்தம். பிசியோதெரபி படிக்கும் ஒரு மாணவி எனக்கு இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இரண்டும் சரி.

ஒன்று: நல்ல குருத்தெலும்பில் நரம்பு கிடையாது என்பதோடு நிறுத்திவிட்டேன். தேய்ந்த மூட்டில், அடியில் உள்ள எலும்பிலிருந்து புது ரத்தக்குழாய்களும் அவற்றோடு சேர்ந்து நரம்புகளும் குருத்தெலும்புக்குள் ஏறுகின்றனவாம். இடிந்த சுவரின் விரிசலில் ஆலம் வேர் இறங்குவதுபோல என்று எனக்குத் தோன்றியது. இங்கே கீழிருந்து மேலே.

இரண்டு: “நரம்பு வலி” என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதுகிறேன். உலக வலி ஆய்வுச் சங்கத்தின் வரையறைப்படி, நரம்பு மண்டலத்தில் சேதமோ நோயோ இருந்தால்தான் அந்தப் பெயர். நரம்பு அறுபடாமல், வலியைக் கையாளும் முறை மட்டும் பழுதாகி வருவதற்கு 2017இல் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்: நோசிபிளாஸ்டிக் வலி. முழங்கால் தேய்மானத்தில் வருவதை “நரம்பு வலி போன்ற வலி” என்றுதான் கவனமானவர்கள் எழுதுகிறார்கள். ஒரே ஆளிடம் மூட்டு வலி, நரம்பு வலி, நோசிபிளாஸ்டிக் வலி மூன்றும் கலந்திருக்கலாம். இனி “காந்தல்” என்றே எழுதுகிறேன். அம்மாவின் சொல், வரையறைச் சண்டையும் வராது.

15 ஜூன் 2024, மாலை 4.20

“இதைக் கண்டுபிடிக்கச் சோதனை உண்டா?” என்ற கேள்விக்கு.

ரத்தப் பரிசோதனையோ படமோ தனியாக இதைக் காட்டித் தராது. கேள்வித்தாள்கள் இருக்கின்றன. பெயின்டிடெக்ட் என்று ஒன்று, 2006இல் ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்களுக்காக உருவாக்கியது. பிறகு முழங்காலுக்கும் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். எரிகிறதா, ஊசி குத்துகிறதா, லேசாகத் தொட்டால் வலிக்கிறதா, மின்சாரம்போல் வெட்டுகிறதா, குளிர்ச்சியோ சூடோ பட்டால் வலிக்கிறதா, மரத்துப்போகிறதா, விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 38. பன்னிரண்டும் அதற்குக் கீழும் என்றால் நரம்பு வகை இருக்க வாய்ப்பு குறைவு. பத்தொன்பதும் அதற்கு மேலும் என்றால் வாய்ப்பு அதிகம். நடுவில் வந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு 22 வந்தது.

அந்தத் தாளை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே சொற்கள், வரிசையாக அச்சில்.

வலிக்கான சொற்களை முதலில் முறையாகச் சேகரித்தவர்களில் ஒருவர் கனடாவின் ரொனால்ட் மெல்சாக். 1975இல் அவர் வெளியிட்ட கேள்வித்தாளில் 78 சொற்கள், 20 தொகுதிகளாக. தமிழில் அப்படி ஒருவர் உட்கார்ந்து திருநெல்வேலிப் பக்கத்துச் சொற்களை மட்டும் தொகுத்தாலே எத்தனை வரும்! விண்ணென்று தெறிப்பது, வெடுக்கென்று இழுப்பது, நெருநெருவென்று இருப்பது, கடுகடுப்பு, குத்தல், பிசைதல். யாராவது செய்யுங்கள். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் செய்தால் இன்னும் நல்லது.

தாளோடு நிற்கவில்லை அந்த மருத்துவர். பஞ்சால் முட்டியைச் சுற்றித் தடவினார், குண்டூசியால் மெல்லக் குத்தினார், கணுக்காலில் அதிர்வுக் கவையை வைத்தார், பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டார். இடுப்பை மடக்கிப் பார்த்தார். இடுப்பு மூட்டுத் தேய்ந்தாலும் வலி முழங்காலில் தெரியுமாம். முதுகெலும்பில் நரம்பு வேர் நசுங்கினாலும் முழங்காலில் காந்துமாம். இவற்றை விலக்கிய பிறகே தேய்மானத்தின் மேல் பழி போட வேண்டும் என்றார்.

எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டேன். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழங்கால் தேய்மானக்காரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று சொன்னார்.

23 ஜூன் 2024

ஆனித் தேரோட்டம் முடிந்தது. அம்மா இந்த வருடம் ரத வீதியில் நிற்கவில்லை. உறவினர் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டுப் பார்த்தாள். தேர் திரும்புகிற இடத்தில் எழுந்து நின்று கும்பிட்டாள். எழுந்தபோது குடைச்சல்தான், காந்தல் இல்லை என்றாள். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது.

2 ஜூலை 2024, இரவு 9.15

மருந்து பற்றிப் பலர் கேட்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இது வைத்திய ஆலோசனை அல்ல. ஒரே மாத்திரை இருவருக்கு இரு விதமாகப் போகும்.

முதலில் பிரிகாபலின், குறைந்த அளவில், இரவில் மட்டும். நான் பீரோவில் பூட்டி வைத்திருந்ததும் இதுதான். மூன்றாம் நாள் அம்மா தூங்கினாள். பத்தாம் நாள் பின்னிரவில் குளியலறைக்குப் போகும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதமும் வீங்கியது. வயதானவர்களுக்கு இந்த மாத்திரையில் கிறுகிறுப்பும் வீக்கமும் வரக்கூடியவை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். முழங்கால் வலியோடு விழுந்து இடுப்பு எலும்பும் உடைந்தால் என்ன ஆவது? மருத்துவர் உடனே மாற்றினார். ஐந்து மாதம் கொடுக்காமல் இருந்ததற்காக முன்பு என்னையே நொந்துகொண்டேன். யோசித்தால், அதை மட்டும் கொடுத்து ஏன் என்று யாரும் விளக்காமல் இருந்திருந்தால், அவள் விழுந்திருப்பாள். என் குற்றம் பூட்டி வைத்தது அல்ல. மறுநாளே போய்க் கேட்காதது.

அடுத்து டுலாக்ஸடின். இதில்தான் வீட்டில் பெரிய வருத்தம். பெட்டிக்குள் இருந்த தாளை என் மகன் வாசித்துவிட்டு, இது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று ஆச்சியிடமே சொல்லிவிட்டான். “எனக்குக் காலில்தானே நோய், மனசிலா?” என்று அம்மா அழுதாள். இரண்டு நாள் தொடவில்லை.

மருத்துவர் தொலைபேசியில் அவளிடமே பேசினார். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு; வருகிற வலிச் செய்தியை அடக்குவது அதன் வேலை. அந்தப் பாதை வேலை செய்ய செரோடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு பொருள்கள் தேவை. மனச்சோர்விலும் அதே பொருள்கள்தான் குறைகின்றன என்று எண்ணி அந்த மாத்திரை செய்தார்கள். அமெரிக்காவில் 2004இல் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயின் நரம்பு வலிக்கும் அனுமதி கிடைத்தது, 2010இல் தேய்மானம் உள்ளிட்ட நாள்பட்ட மூட்டு, தசை வலிக்கும் கிடைத்தது. அம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “மடையில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, ஆச்சி. இந்த மாத்திரை மடையை அடைக்கும் பலகை.” தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் வாரம் குமட்டல், வாய் உலர்ந்தது. மூன்றாம் வாரத்தில்தான் பலன் தெரிந்தது. ஐந்து நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

3 ஜூலை 2024, காலை 5.50

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், தூக்கமே வரவில்லை. டுலாக்ஸடினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். வேறு மனநல மாத்திரையோ டிரமடால் போன்ற வலி மாத்திரையோ ஏற்கெனவே எடுப்பவர்கள், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்கள், இதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சேர்ந்தால் ஆபத்து உண்டு, ரத்தக்கசிவும் வரலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை, அட்டை பேசும்.

18 ஜூலை 2024, இரவு 8.30

பெரிய திருத்தம். ஜூன் மாதக் குறிப்புகளை வாசிப்பவர்கள் இதையும் சேர்த்து வாசியுங்கள்.

அம்மாவின் முழங்கால் காந்தல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பாதங்கள் இரண்டும் எரிவது குறையவில்லை. பாதம் எரிகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் அதையும் முழங்கால் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். மருத்துவர் அப்படி விடவில்லை. காலுறை போட்டதுபோல இரண்டு பாதத்திலும் சமமாக எரிந்தால் முட்டியைப் பார்க்காதே, ரத்தத்தைப் பார் என்றார். அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை, 12 வருடமாக மெட்ஃபார்மின். அந்த மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். பார்த்தால் குறைந்தேதான் இருந்தது. அம்மா சுத்த சைவம் வேறு. ஊசி தொடங்கியிருக்கிறார்கள்.

ஆகவே 22 என்று நான் பெருமையாக எழுதிய எண்ணில் எவ்வளவு முட்டியுடையது, எவ்வளவு பாதத்துடையது என்று இப்போது சொல்ல முடியாது. கேள்வித்தாள் காந்தல் இருப்பதைக் காட்டும். எதனால் என்று காட்டாது.

6 ஆகஸ்ட் 2024

மிளகாயை அரைத்து நல்லெண்ணெயில் குழைத்து முட்டியில் கட்டினால் நரம்பு வலி போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கட்டி, தோல் கொப்புளித்து மூன்று வாரம் கிடந்தாள்.

அதில் உண்மையின் ஒரு துளி இருக்கிறது என்பதுதான் இதை ஆபத்தாக்குகிறது. மிளகாயின் காரப்பொருள் கேப்சைசின். அதை நரம்பில் உணரும் வாசலை (ஏற்பி என்பார்கள்) 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தனர்; 2021இல் அவருக்கு ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. சூட்டையும் காரத்தையும் நரம்பு ஒரே வாசலில்தான் உணர்கிறது. அம்மா மிளகாய் அரைத்த கைபோல என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். நோபல் கமிட்டிக்கு முன்பே முக்கூடலில் தெரிந்திருக்கிறது! அந்த வாசலைத் திரும்பத் திரும்பத் தட்டினால் நரம்பு முனை சோர்ந்து அடங்கும். அதற்கு மருந்துக் கடைகளில் களிம்பு உண்டு. நூற்றில் ஒரு பங்கிலும் மிகக் குறைந்த அளவே காரப்பொருள் இருக்கும். நாளுக்கு மூன்று நான்கு முறை, சில வாரங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவி, புண் இல்லாத தோலில். அம்மிக் குழவியில் அந்த அளவு வராது.

14 ஆகஸ்ட் 2024, மாலை

எண்ணெய் தேய்ப்பதை எதிர்க்கிறேனா என்று கேட்கிறார்கள். இல்லை. சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பெயர் அழல் கீல்வாயு. அழல் என்றால் தீ. பெயரிலேயே எரிச்சலை வைத்திருக்கிறார்கள் என்று நான் மகிழ்ந்தேன். அங்கே அழல் என்பது பித்தத்தைக் குறிக்கிறது என்று பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் திருத்தினார். ஏற்கிறேன்.

தடவினால் வலி தணிவதற்குக் காரணம் உண்டு. தொடு உணர்வு போகும்போது வலிக்கான கதவு சற்று மூடும் என்று மெல்சாக்கும் பாட்ரிக் வால் என்பவரும் 1965இல் விளக்கினார்கள். ஆனால் தொட்டாலே காந்துகிறவரை அழுத்தித் தேய்த்தால் கதவு திறந்துகொள்ளும். அம்மாவுக்கு நான் ஆறு மாதம் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மகள் வருத்தப்படுவாளே என்று சும்மா இருந்திருக்கிறாள். போன வாரம்தான் சொன்னாள்.

2 செப்டம்பர் 2024, காலை 10.00

பத்தமடை நண்பருக்கு அவசரமாக. உங்கள் அம்மா பாய் நெய்யக் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்த பிறகு முன்பாதம் தூக்க முடியவில்லை, செருப்பு கழன்று விழுவது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது தேய்மானம் அல்ல. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், சிறிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு போகிறது. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் நெடுநேரம் சம்மணமோ குத்தவைப்போ இருந்தால் நசுங்கும். பாதம் தொங்கும். முதுகெலும்பிலிருந்தும் வரலாம். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இரண்டு காலும் பலவீனமானாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

11 செப்டம்பர் 2024

பத்தமடை நண்பர் அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். நரம்பு நசுங்கியதுதான். குத்தவைத்து உட்காருவதை நிறுத்தச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நிம்மதி.

5 அக்டோபர் 2024, இரவு 9.50

“மூட்டை மாற்றிவிட்டால் நரம்பு வலியும் போய்விடும் அல்லவா?”

என் சித்தி மாற்றிக்கொண்டார். நடை திரும்பியது, கோவிலைச் சுற்றி வருகிறார். ஆனால் வடுவுக்கு வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. முட்டிக்கு முன்னால் குறுக்கே ஓடும் சிறு நரம்புக் கிளை ஒன்று அறுவையில் வெட்டுப்படுவதால் வருவது. பலருக்கு உண்டு, காலப்போக்கில் சுருங்கும். முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அவர் இரண்டு மாதம் பயந்திருக்க மாட்டார்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலி தொடர்கிறது. முன்பே காந்தல் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். மூட்டை மாற்றியதும் தண்டுவடத்தின் பழக்கமும் எல்லோருக்கும் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. அறுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேதி குறிக்குமுன் காந்தல் உண்டா என்று யாராவது கேட்க வேண்டும் என்கிறேன்.

முட்டியைச் சுற்றியுள்ள சிறு நரம்புகளைச் சூட்டால் செயலிழக்க வைக்கும் முறை பற்றியும் கேட்டிருந்தார்கள். கொரிய மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைக்குப் பிறகு பரவியது. சில மாதங்கள் பலன் தரும். நரம்பு மீண்டும் வளரும். வலி நரம்புகளைக் கூர்மையாக்கும் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற உடல் பொருளை முடக்கும் ஊசி என்று பெரிதாகப் பேசப்பட்டது டனெசுமாப். வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தது, நிறுவனம் கைவிட்டது. வலியை முழுவதும் வாய் அடைக்கச் செய்தாலும் மூட்டுக்கு ஆகாது போலிருக்கிறது.

17 நவம்பர் 2024

இரண்டு நாளாக மழை. அம்மா போர்வையை முட்டிக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். இரண்டு வருடமாகப் போர்வை கால்மாட்டில் மடித்தே கிடந்தது.

பாத எரிச்சலும் குறைந்துவிட்டது. பி12 ஊசிக்குப் பிறகுதான்.

20 நவம்பர் 2024

அவ்வளவும் மாத்திரையால்தானா என்று பிசியோதெரபி மாணவி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடைத்தசையை இறுக்கிப் பத்து எண்ணுவது. இதைத் தினமும் இரண்டு வேளை செய்கிறாள். மருத்துவர் சொல்லித் தொடங்கியது மார்ச்சில். முதல் மாதம் நான் வற்புறுத்த வேண்டியிருந்தது, பிறகு அவளே சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுகிறாள், பீடிக் கட்டு எண்ணிய கணக்கில். நான்கு கிலோ குறைந்திருக்கிறாள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் நான்கு கிலோ பாரம் குறையுமாம். கைத்தடியும் பிடிக்கிறாள், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்க்கையில். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. தூங்கியதால்தான் காலையில் பயிற்சி செய்ய முடிந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

8 ஜனவரி 2025, இரவு 8.10

முதல் கேள்வி கேட்ட தம்பி ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறார். அவர் அம்மாவிடம் “எப்படி” என்று கேட்டாராம். குடைகிறது, உளைகிறது, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைக்கிறது. காந்தல் இல்லை, சுள்ளென்ற வெட்டு இல்லை, சேலை உரசல் பிரச்சினை இல்லை. அதை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டியபோது, அவர் வாசித்துப் பார்த்துவிட்டு நரம்பு மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிட்டார். பூசும் வலி மருந்தும் பயிற்சியும் போதும் என்றாராம்.

தம்பி, உங்கள் சந்தேகம் உங்கள் அம்மாவின் விஷயத்தில் சரிதான். முதல் நாள் நான் என் வீட்டு அனுபவத்தை உங்கள் வீட்டின் மேல் வைத்துப் பேசினேன். நான்கில் ஒருவர் என்றால் மூன்று பேருக்கு இல்லை என்பதையும் அன்றே எழுதியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். “காந்தல் இல்லையா? கொடுத்து வைத்தவள்” என்றாள். பிறகு, காலை நீட்டிப் பத்து எண்ணும்போது குதிகாலைத் தரையில் வைக்காமல் எண்ணச் சொல் என்றாள். வைத்து எண்ணினால் தொடை இறுகாதாம்.